மே மாத வெயிலுக்கு ஒரு பூ வாசனை: முதன்முறை சென்ட் வாங்கும் பெண்களுக்கு

மல்லிகை மலிவாகக் கிடைக்கும் மாதங்களில்தான் நமக்கு வியர்வையும் அதிகம். பங்குனியில் தொடங்கி ஆனி வரை மதுரை, திண்டுக்கல் பக்கம் செடி கொள்ளாமல் பூக்கிறது. அதே நாட்களில் காலை ஒன்பது மணிக்கே பேருந்தில் முதுகு நனைந்துவிடுகிறது. தலையில் வைத்த சரம் மதியத்துக்குள் வாடிப் பழுப்பேறிவிடுகிறது. 'ஒரு நல்ல பூ வாசனை சென்ட் சொல்லுங்க அக்கா, விலை ரொம்ப வேண்டாம், தலை வலிக்கக் கூடாது' என்று தங்கைகளும் அலுவலகத்துப் பெண்களும் என்னிடம் கேட்பது இந்தக் காலத்தில்தான்.

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் என் தோலில் இதமாக இருப்பது உங்கள் தோலில் இனிப்பேறிப் போகலாம். அதனால் பெயரைவிடத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். அதில் முக்கியமானது ஒன்றுதான்: கடையின் ஏ.சி.யில் முதல் நிமிடம் வரும் வாசனையை நம்பி வாங்காதீர்கள். வெயிலில் நடந்து, வியர்த்து, மூன்று மணி நேரம் கழித்து உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறதோ, அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் வாசனை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மார்கழி மாலை, குளுகுளுவென்றிருந்த ஒரு கடையில் சம்பங்கி வாசனை சென்ட் ஒன்றை முகர்ந்ததும் மனம் விழுந்துவிட்டது. பெரிய பாட்டிலாகவே வாங்கினேன். குளிர் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. சித்திரையில் ஒரு நாள் வழக்கம்போல ஐந்தாறு முறை அடித்துக்கொண்டு நெரிசலான பேருந்தில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எனக்கே தலை கனத்தது. பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாசனை கெட்டுப்போகவில்லை. சூட்டில் அது பல மடங்கு வேகமாகக் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.

தோல் சூடானால் வாசனைப் பொருள்கள் வேகமாக ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற லேசானவை பத்து நிமிடத்தில் பறந்துவிடும். வெனிலா, கஸ்தூரி, அம்பர் போன்ற கனமானவை பின்தங்கி நின்று, புழுக்கத்தில் இன்னும் தடித்துப்போகும். நடுவில் வருவதுதான் பூ. கோடைக்கு வேண்டியது, இந்தப் பூப்பகுதி நீண்டு, அடியில் கனம் குறைந்திருக்கும் சென்ட்.

முதலில் பூவைத் தேர்ந்தெடுங்கள், பாட்டிலை அப்புறம்

பூ விஷயத்தில் நம் மூக்குக்குப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. மல்லிகைக்கும் முல்லைக்கும் பிச்சிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லும் பெண்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. சென்ட் பெட்டியில் அந்தப் பூக்களுக்கு வேறு பெயர் போட்டிருப்பதால்தான் குழப்பம். எனவே முதல் வேலை, அந்தப் பெயர்களை நம் பூக்களோடு பொருத்திப் பார்ப்பது.

பெட்டியில் 'ஜாஸ்மின் சம்பக்' என்று இருந்தால் அது நம் மல்லிகை, குண்டுமல்லி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்த இனம்தான். வெறும் 'ஜாஸ்மின்' அல்லது 'ஜாஸ்மின் கிராண்டிஃப்ளோரம்' என்றால் பிச்சி, அதாவது ஜாதிமல்லி. மல்லிகையில் பச்சை வாடையும் திராட்சை போன்ற ஒரு தித்திப்பும் இருக்கும். பிச்சி இன்னும் பழச்சாயலாக, மென்மையாக இருக்கும். இரண்டிலும் இண்டோல் என்ற ஒரு பொருள் இயற்கையாகவே உண்டு. கொஞ்சமாக இருக்கும்போது பூவுக்கு உயிர் கொடுப்பது அதுதான். கூடினால் அந்துருண்டை வாடை அடிக்கும். பூட்டிய அறையில் இரவெல்லாம் வைத்த மல்லிகைக் கூடையைக் காலையில் திறக்கும்போது வருமே ஒரு மூச்சுமுட்டும் வாசனை, அதில் இதற்குப் பெரிய பங்குண்டு. பகல் வெயிலுக்கு இண்டோல் குறைந்த, 'பச்சை' மல்லிகை வாசனையே நல்லது.

'டியூப்ரோஸ்' என்பது சம்பங்கி. பெயரில் ரோஸ் இருந்தாலும் ரோஜாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மணமாலையில் வரும் அதே பூ. மிக அழகான வாசனை, ஆனால் வெயிலில் எளிதாக எல்லை மீறும். முதல் சென்டாக வேண்டாம்.

'நெரோலி', 'ஆரஞ்ச் ப்ளாசம்' இரண்டும் கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூவிலிருந்து வருபவை. எலுமிச்சை மரமோ நார்த்தை மரமோ பூத்திருக்கும்போது அடியில் நின்றிருக்கிறீர்களா? ஏறக்குறைய அந்த வாசனைதான். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் தேன், நிறையச் சுத்தம். கோடைக்கு இதைவிடப் பொருத்தமான பூ வாசனை எனக்குத் தெரியாது. வியர்வையோடு சண்டை போடாது.

'சம்பாகா', சில இடங்களில் 'மேக்னோலியா' என்று வருவது நம் செண்பகக் குடும்பம். 'ஃப்ராங்கிபானி' ஈழத்தலரி. 'யிலாங் யிலாங்' நம் மனோரஞ்சிதத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பூ. கனிந்த வாழைப்பழச் சாயல் தெரியும். 'லாவெண்டர்' நம் ஊர்ப் பூ இல்லை என்றாலும் பவுடர் டப்பா வழியாக நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. அதுவும் ஒரு கோடைப் பூதான், குளிர்ச்சியானது.

'லில்லி ஆஃப் த வேலி', 'பியோனி', 'ஃப்ரீசியா' என்றெல்லாம் வரும் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். லில்லி ஆஃப் த வேலியிலிருந்து சென்டுக்கு ஆகும்படி எண்ணெய் எடுக்கவே முடியாது. எத்தனை விலையுயர்ந்த பாட்டிலாக இருந்தாலும் அந்த வாசனையை ஆய்வுக்கூடப் பொருள்களைக் கொண்டுதான் கட்டுகிறார்கள். சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த பருத்தி உடுத்தின மாதிரி இருக்கும். அலுவலகத்துக்கு ஏற்றது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'மலிவு சென்டெல்லாம் கெமிக்கல், விலை அதிகமானதுதான் நிஜப் பூ' என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மை இல்லை. ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். கையால் பறித்து, அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோய், கரைப்பானில் ஊறவைத்து, அப்புறம் ஆல்கஹாலில் கழுவிப் பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டு மல்லிகைச் சாறு பிரான்ஸ் வரை போகிறது. அங்கேகூட ஒரு பாட்டிலுக்கு அது சொட்டுக் கணக்கில்தான். மீதிப் பூவைக் காட்டுவது வேதியியல். ஹெடியோன் என்ற பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தருவது அது. 1966இல் பிரெஞ்சு நிறுவனமான டியோர் வெளியிட்ட ஓ சவாஜ் என்ற சென்டில் அதை உருவாக்கிய எட்மோன் ருட்னிட்ஸ்கா அதைப் பயன்படுத்திய பிறகு உலகம் முழுவதும் பரவியது. இன்று சில நூறு ரூபாய் பாட்டிலிலும் அது இருக்கலாம். ரோஜாவின் அடிப்படை வாசனையைத் தரும் ஃபினைல் எத்தில் ஆல்கஹாலும் விலை குறைந்ததே. அதனால்தான் குறைந்த விலையில் ரோஜா, நெரோலி, லாவெண்டர், தேயிலை வாசனைகள் நம்பத்தகுந்தவையாக அமைகின்றன. குறைந்த விலைச் சம்பங்கியும் வெனிலா கலந்த பூக்களும் பெரும்பாலும் ஏமாற்றுகின்றன. இது என் மூக்கின் தீர்ப்பு. பல பாட்டில்களுக்குப் பின் வந்தது.

பெட்டியில் என்ன படிக்க வேண்டும்

ஒரே பெயரில் மூன்று வகை இருக்கும். ஓ டி பர்ஃபம், சுருக்கமாக ஈ.டி.பி.: வாசனை எண்ணெய் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம். ஓ டி டாய்லெட், ஈ.டி.டி.: 5 முதல் 15. பாடி மிஸ்ட், கொலோன்: அதற்கும் கீழே. கூடுதல் சதவீதம் என்றால் கூடுதல் தரம் என்று அர்த்தம் இல்லை. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரப் புழுக்கத்துக்கு நான் ஈ.டி.டி.யையே பரிந்துரைப்பேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் மங்கும், தேவையானால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஈ.டி.பி. வாங்கினால் ஒரே ஒரு அடிப்பு போதும். பாடி மிஸ்ட் மாலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போகும்போது இனிமையாக இருக்கும். நாள் முழுக்க நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டியோ டப்பாக்களில் பலவற்றில் வாயு பெரும்பங்கு. எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, தொகுப்பு எண், தயாரித்த மாதம், எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். இவை இல்லாமல் பெரிய பெயர், பாதி விலை, 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அது போகப்போவது உங்கள் கழுத்தில். 'இன்னதைப் போன்ற வாசனை' என்று சொல்லிச் சொந்தப் பெயரில், சொந்த முகவரியோடு விற்கும் இந்திய நிறுவனங்கள் வேறு கதை. அவற்றில் நல்லவை உண்டு.

விலைக் கணக்கு

பாட்டில் விலையைப் பார்க்காமல் ஒரு மி.லி. என்ன விலை என்று பாருங்கள். ஒரு அடிப்பில் சுமார் 0.1 மி.லி. வெளியே வரும். 30 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 300 அடிப்பு. அது 600 ரூபாய் என்று வையுங்கள். நாளுக்கு மூன்று அடித்தால் நூறு நாள், அதாவது கோடை முழுக்க. நாளுக்கு ஆறு ரூபாய். ஒரு முழம் பூ அந்த விலைக்குக் கிடைக்காது.

100 மி.லி. பாட்டிலில் மி.லி. விலை குறையும். இருந்தாலும் முதல் முறை பெரியது வாங்காதீர்கள். 20, 25, 30 மி.லி. போதும். முடிந்தால் அதற்கும் முன்னே 2 மி.லி. மாதிரிக் குப்பி வாங்கி ஒரு வாரம் பழகுங்கள். பல இந்திய நிறுவனங்கள் நாலைந்து குப்பிகளைச் சேர்த்து ஒரு பெட்டியாக விற்கின்றன. தொடங்குபவருக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

கடைக்குப் போகும் நாள்

காலையில் போங்கள். அன்று சென்ட், வாசனைப் பவுடர் எதுவும் போட வேண்டாம். தலையில் பூவும் வேண்டாம். கனமாகத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாலும் அதுவே எல்லாவற்றின் மேலும் ஏறி உட்காரும்.

முதலில் காகிதப் பட்டையில் அடித்து முகருங்கள். நாலு வாசனைக்கு மேல் வேண்டாம். அடித்தவுடனே மூக்கில் ஒட்டவைத்தால் ஆல்கஹால்தான் தெரியும். அரை நிமிடம் ஆறவிடுங்கள். பட்டையின் நுனியில் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் எது எது என்று தெரியாமல் போகும். நடுவில் காப்பிக் கொட்டையை முகரச் சொல்வார்கள். அது வெறும் காற்றைவிடப் பெரிதாக உதவுவதில்லை என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். உங்கள் முழங்கையின் உட்பக்கத்தை, எதுவும் அடிக்காத இடத்தை, முகருங்கள். அல்லது வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள்.

பிடித்த இரண்டை மட்டும் தோலில் அடியுங்கள். ஒன்று இடது கை, மற்றது வலது கை. மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள். தேய்க்கும் சூட்டில் முதலில் வரும் லேசான மேல்வாசனை சீக்கிரம் போய்விடும், பூவை நிதானமாகப் பார்க்க முடியாது.

இப்போது கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வாங்காமல் வருவதற்குத் தயங்காதீர்கள். விற்பனைப் பெண் 'ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்கா' என்று சொல்வார். இருக்கட்டும். வெயிலில் நடங்கள், பேருந்து ஏறுங்கள், வீட்டுக்கு வந்து சமையல் செய்யுங்கள். பத்து நிமிடம், ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று மூன்று முறை முகர்ந்து, தோன்றியதை உங்கள் வார்த்தையில் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். 'ஈர மல்லி', 'துவைத்த புடவை', 'ஆரஞ்சு மிட்டாய்', 'பழைய பீரோ', இப்படி எதுவானாலும் சரி. இந்தக் குறிப்புகள் அடுத்த சென்ட் வாங்கும்போது எந்த விளம்பரத்தையும்விட உங்களுக்கு உதவும்.

மூன்றாவது மணி நேரத்தில் மூன்று கேள்வி. வியர்வையோடு சேர்ந்து புளிப்பாக மாறியதா? தலை பாரமாக இருந்ததா? சர்க்கரைப் பாகு மாதிரி இனிப்பு மட்டும் மிஞ்சியதா? ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் அது உங்கள் கோடை சென்ட் இல்லை.

எதுவுமே தெரியவில்லையா? உடனே 'நிற்கவில்லை' என்று முடிவுக்கு வராதீர்கள். மூக்கு ஒரு வாசனைக்குப் பழகிவிட்டால் அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். சிலருக்குச் சில கஸ்தூரி வகைகள் பிறவியிலிருந்தே தெரியாது. வீட்டில் யாரிடமாவது கையை நீட்டிக் கேளுங்கள். 'அம்மா, வாசனை வருதா?' என்று கேட்டு, அவர் 'ம், ஏதோ பூ வாசனை' என்றால் போதும், அது இருக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்

இவற்றை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. முகர்ந்து பார்த்தால் கோடைப் பூ என்றால் என்ன என்று உங்களுக்கே பிடிபடும் என்பதற்காகச் சொல்கிறேன். யார்ட்லி 1770இல் லண்டனில் தொடங்கிய பழைய பெயர். லாவெண்டரும் ரோஜாவும் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கின்றன. டைட்டன் நிறுவனம் 2013இல் தொடங்கிய 'ஸ்கின்' என்ற சென்ட் வரிசையில் பெண்களுக்கான வகைகளைச் சின்னப் பாட்டிலிலும் விற்கிறார்கள். வெளிநாட்டுப் பெயர்களில் எலிசபெத் ஆர்டனின் கிரீன் டீ எனக்குப் பிடித்தது. 1999இல் ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் என்ற சென்ட் கலைஞர் செய்தது. எலுமிச்சையும் தேயிலையும் முன்னால், பின்னணியில் மெல்லிய பூ. பூ மட்டுமே வேண்டும் என்பவருக்கு அது போதாது, ஆனால் 40 டிகிரியில் அதைப் போட்டுக்கொண்டு தலைவலி வந்ததில்லை. அதே நிறுவனத்தின் சன்ஃப்ளவர்ஸ் 1993இல் வந்தது; பழமும் பூவும் கலந்த, வெளிச்சமான வாசனை, விலை அதிகம் இல்லை. அதில் சூரியகாந்தியைத் தேடாதீர்கள்.

அத்தர் பக்கமும் ஒரு எட்டு

ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அத்தர் நல்ல வழி. 3 மி.லி., 6 மி.லி. குப்பிகளில் கிடைக்கும். ஒரு பொட்டு வைத்தால் போதும் என்பதால் மாதக்கணக்கில் வரும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செப்புப் பானையில் பூவைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காய்ச்சி, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிப்பது பழைய முறை. அப்படிச் செய்த ரோஜா அத்தர் விலை மிக அதிகம். நூறு ரூபாய்க்குக் கிடைப்பது செயற்கை வாசனையை எண்ணெயில் கலந்தது. அதிலும் தவறில்லை, நூறு ரூபாய்க்கு அதுதான் வரும் என்று தெரிந்து வாங்கினால் சரி.

கோடையில் என் சொந்தப் பழக்கம் ஒன்று. வெட்டிவேர் அத்தரை ஒரு துளி முழங்கை மடிப்பில் வைத்துவிட்டு, அதன் மேல் லேசான ரோஜா அல்லது நெரோலி சென்டை ஒரே ஒரு முறை அடிப்பேன். வெட்டிவேர் மெதுவாக ஆவியாகும். பூவைப் பிடித்து நிறுத்தும். மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. உலகச் சென்ட் கடைகளில் 'வெட்டிவர்' என்று புழங்கும் சொல்லே நம் தமிழ்ச் சொல்தான். பெட்டியில் அந்தப் பெயரும் ஒரு பூவின் பெயரும் சேர்ந்து இருந்தால் அதைக் கட்டாயம் முகர்ந்து பாருங்கள்.

போட்டுக்கொள்ளும் முறை

குளித்து, உடம்பைத் துடைத்து, விசிறிக்கு அடியில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு அடியுங்கள். வியர்வையின் மேல் அடித்தால் எந்த சென்டும் கெட்ட வாசனைதான். தோல் வறண்டிருந்தால் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மெலிதாகத் தடவிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பதமுள்ள தோலில்தான் வாசனை தங்கும். அக்குளுக்கு சென்ட் அடிக்காதீர்கள். அங்கே தேவை வியர்வை வாடையை நிறுத்துவது, இன்னொரு வாசனையை அதன் மேல் போடுவது இல்லை. படிகாரத்தை நனைத்து அக்குளில் தேய்த்துக்கொண்டாலே போதும். அதற்கு வாசனை கிடையாது, எந்தப் பூவோடும் மோதாது, ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும்.

கோடைக்கு இரண்டு அல்லது மூன்று அடிப்பு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து. பின்கழுத்து, முழங்கை மடிப்பு, ரவிக்கைக்குக் கீழே இடுப்பு ஓரம். புடவையோ சுடிதாரோ மேலே மூடும் இடத்தில் அடித்தால் வாசனை மெதுவாகக் கசியும், பக்கத்தில் இருப்பவர் மூச்சைத் திணறடிக்காது. முன்கழுத்திலும் முகத்துக்குப் பக்கத்திலும் நேராக வெயில் படும் என்பதால் தவிர்க்கலாம். குறிப்பாகக் கையால் கலந்த 'இயற்கை' எலுமிச்சை, அதே இனத்துப் பெர்கமாட் எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருந்தழும்பு விழலாம். நிறுவனங்கள் இதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்த எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. வீட்டில் கலப்பவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை.

பட்டுப் புடவையில் அடிக்காதீர்கள், கறை படிந்தால் போகாது. கவரிங் நகை கறுக்கும், முத்து மங்கும். சென்ட் காய்ந்த பிறகு நகை போட்டுக்கொள்ளுங்கள். பருத்தித் துப்பட்டாவின் ஓரத்தில் ஒரு அடிப்பு நாள் முழுக்க நிற்கும். ஆனால் வெள்ளைத் துணியில் முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். மல்லிகை, வெனிலா கலந்தவை நாளாக ஆகப் பழுப்பாவது உண்டு.

தலையில் பூ வைக்கும் நாளில் சென்ட் வேண்டாம் என்பேன். நிஜ மல்லிகைக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டில் மல்லிகையும் தோற்றுப்போகும். இரண்டும் வேண்டும் என்றால் பூவோடு சேரும் வேறு வாசனையைப் போடுங்கள்: வெட்டிவேர், சந்தனம், எலுமிச்சை.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா

புது சென்டை முழங்கை உட்பக்கம் ஒரு முறை அடித்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் அது உங்களுக்கு இல்லை. 'இயற்கையானது' என்ற சொல்லை நம்பி இந்தச் சோதனையை விடாதீர்கள். லாவெண்டரிலும் எலுமிச்சையிலும் இயல்பாகவே உள்ள லினலூல், லிமோனின் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்கள் துணி ஓரத்தில் மட்டும் போட்டுத் தொடங்குங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடனே கழற்றிவிடலாம். கைக்குழந்தையைத் தூக்கும் அம்மாக்கள் கழுத்திலும் மார்பிலும் அடிக்க வேண்டாம். குழந்தையின் முகம் அங்கேதான் இருக்கும்.

வைக்கும் இடம்

சன்னலோர மேசை வேண்டாம், குளியலறை வேண்டாம். வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் விட்டுவிட்டு வெயிலில் நிறுத்தினால் ஒரே கோடையில் மேல்வாசனை போய், பழைய எண்ணெய் வாடை வந்துவிடும். வாங்கின பெட்டியை எறியாமல், அதற்குள்ளேயே போட்டு, பீரோவில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். வெயிலும் படாது, சூடும் ஏறி இறங்காது. ஃப்ரிட்ஜ் தேவையில்லை. இப்படி வைத்தால் இரண்டு மூன்று வருடம் நன்றாகவே இருக்கும். கைப்பைக்கு ஐந்து மி.லி. நிரப்பும் குப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பெரிய பாட்டில் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியதில்லை.

ஆடி வந்து காற்று மாறியதும் மீதி இருப்பதை மறுபடி ஒரு முறை முகர்ந்து பாருங்கள். மழைக்காலத்தில் அதே நெரோலி மெலிந்து தெரியும். சித்திரையில் ஒதுக்கிவைத்த சம்பங்கியை அப்போது எடுக்கலாம், ஒரே ஒரு அடிப்பு.